குழம்பிய நீருக்குக் கறுப்பு

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள். விடிவதற்கு முன்பே முட்டுக்காட்டுக்குப் போய்விட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, வழக்கமாக நிற்கும் கற்குவியலின் மேல் நின்று தூண்டிலை வீசத் தொடங்கினேன். உப்பங்கழி முழுவதும் பால் குறைத்துப் போட்ட தேநீரின் நிறத்தில் கிடந்தது. என் பெட்டியில் பதினான்கு பொய்மீன்கள். மீனை ஏமாற்ற முள் மாட்டிச் செய்த போலி மீன்கள் இவை; கடைகளில் லூர் என்பார்கள். பொய்மீன் என்றே நான் சொல்லிப் பழகிவிட்டேன். எல்லாம் வெள்ளி உடல், நீல முதுகு, முத்துப் பூச்சு வயிறு. செதில் செதிலாக வரைந்த நேர்த்தியைப் பார்த்தே விலை கொடுத்து வாங்கியவை.

மூன்று மணி நேரத்தில் ஓர் இழுப்புக்கூட இல்லை. அந்த இடத்தில் மீன் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. நூறு அடி தள்ளி வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தவர் அதற்குள் இரண்டு கொடுவாவைக் கரையேற்றியிருந்தார். பெரியது இரண்டு கிலோ தேறும்.

பாசி சுற்றிக்கொண்ட பொய்மீனைக் கழுவுவதற்காகக் குனிந்து நீரில் அமிழ்த்தினேன். மணிக்கட்டு அளவு ஆழம்தான் இருக்கும். வெள்ளி உடல் மறைந்துவிட்டது. மங்கலாகத் தெரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை. ஆனால் அதன் வயிற்றில் தொங்கிய இரண்டு கறுத்த முட்கள் மட்டும் பழுப்பு நீரில் தெளிவாகத் தெரிந்தன. வெளியே எடுத்தேன், மறுபடி அமிழ்த்தினேன். மறுபடியும் அதே காட்சி. உடல் இல்லை, முட்கள் மட்டும்.

ராயப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக நிறம் பார்ப்பது என் வேலை. டியூப் லைட்டின் கீழ் சரியென்று கையெழுத்திட்ட புரூஃப், வாசல் வெயிலில் பிடித்தால் வேறு நிறமாக இருக்கும். அதற்காகவே ஜன்னலோரம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நிறம் என்பது பொருளில் பாதி, அதன்மேல் விழும் வெளிச்சத்தில் பாதி என்பதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்ப்பவன் நான். அப்படியிருந்தும் பொய்மீனின் நிறத்தைக் கடையின் விளக்கொளியில் பார்த்து வாங்கிவிட்டு, அதைத் தேநீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டைப் பையில் கட்டுகளுக்கு எண் போடும் கறுப்பு மார்க்கர் பேனா இருந்தது. ஒரு பொய்மீனைத் துடைத்து, தலை முதல் வால்வரை கறுப்பாகத் தீட்டினேன். காய்ந்ததும் வீசி, வழக்கத்தைவிடப் பாதி வேகத்தில் சுற்றினேன். இருபது நிமிடத்தில் கொடுவா ஒன்று எடுத்தது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஒரு மீன் எதற்கும் சாட்சியாகாது. நீர் ஏறும் நேரம் வந்திருக்கலாம்; வேகத்தைக் குறைத்ததே காரணமாகவும் இருந்திருக்கலாம். ஆகவே அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஆறு பருவங்களாக அதில் நீரின் தெளிவு, வானம், ஓதம், நிறம், எடுத்த மீன், எடுக்காத நேரம் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். கீழே சொல்பவை அந்த நோட்டிலிருந்து வந்தவை.

முதலில் வெள்ளி ஏன் மறைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பதுதான். வெள்ளிப் பூச்சு ஒரு கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். பழுப்பு நீரில் அது பழுப்பையே திருப்பிக் காட்டி, சுற்றியுள்ள நீரோடு கலந்துவிடுகிறது. மடவையும் மத்தியும் வெள்ளி உடலோடு பிறப்பது நமக்கு அழகு காட்ட அல்ல, எதிரியின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள. கறுப்பு அப்படியில்லை. விழும் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. கலங்கிய நீர் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதில் சிதறிய வெளிச்சம் கொஞ்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தின் நடுவே ஓர் ஓட்டை போலக் கறுப்பு தெரிகிறது. கலங்கலில் மீன் தேடுவது நிறத்தை அல்ல, உருவத்தை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தெளிந்த நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்புப் பொய்மீன் கருத்துப்போய்விடும். ஆனால் மண்ணும் மக்கிய இலைச்சாறும் கலந்த நீர் நேர்மாறானது. நீலத்தையும் ஊதாவையும் முதலில் அழித்துவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் மிச்சம் வைக்கிறது. மழைக்கால முட்டுக்காட்டில் என் நீல முதுகுப் பொய்மீன்கள் தோற்றதற்கு அதுவும் காரணம். திருப்பி அனுப்ப அங்கே நீல ஒளியே இல்லை. பாசி பூத்த ஏரியில் பச்சையும் மஞ்சளும் எஞ்சும். நீர் எந்த நிறமாகத் தெரிகிறதோ, ஏறக்குறைய அந்த நிற விளக்கின் கீழ்தான் மீன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும்.

கண்ணளவாக நீரைப் பார்த்து 'கொஞ்சம் கலங்கல்' என்று எழுதி வைத்தால், அடுத்த மாதம் படிக்கும்போது அதற்குப் பொருள் இல்லாமல் போகிறது. அதனால் ஒரு தட்டுச் செய்தேன். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞர், கடல் நீரின் தெளிவை அளக்க வெள்ளைத் தட்டை நீருக்குள் இறக்கிப் பார்த்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் அந்த வகைத் தட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்னுடையது இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் ஈயக்குண்டு கட்டியிருக்கிறேன். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவது முடிச்சில் சிவப்பு நூல். தட்டு மறையும் ஆழத்தையும், திரும்ப இழுக்கும்போது கண்ணில் படும் ஆழத்தையும் பார்த்து இரண்டுக்கும் நடுவே உள்ளதை எழுதிக்கொள்ள வேண்டும். வெயில் பளபளக்காத நிழல் பக்கமாக இறக்குவது நல்லது. இரண்டு நிமிட வேலை. பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டு நிமிடம் செலவழிப்பவர், பெட்டியைத் திறந்தபின் இரண்டு மணி நேரம் வீணாக்க மாட்டார்.

முப்பது சென்டிமீட்டருக்குள் தட்டு மறைந்தால் நான் கறுப்பைத்தான் கட்டுகிறேன். கறுப்பு இல்லையென்றால் அடர் பழுப்பு, அல்லது கறுப்போடு கருநீலம். அப்போது உடலும் சற்றுப் பருத்ததாக, உள்ளே குண்டுகள் உருண்டு ஓசையெழுப்புவதாக இருக்க வேண்டும். மீனின் விலாவில் ஓடும் பக்கக் கோடு நீரின் அதிர்வை உணர்வது. கண் தவறவிட்டதை அது பிடித்துக்கொள்ளும். வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரே இடத்தில் நான்கைந்து முறை வீச வேண்டும். ஓரடி தள்ளிப் போகும் பொய்மீனை மீன் பார்க்கவே வாய்ப்பில்லாத நீர் அது. 'குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது' என்று நாம் குழப்பத்தைப் பயன்படுத்திச் சுலபமாக ஆதாயம் தேடுவதற்குச் சொல்கிறோம். வலைக்கு அது பொருந்தும். தூண்டிலுக்கு அதைவிடக் கடினமான நீர் கிடையாது.

தட்டு முப்பதுக்கும் ஒரு மீட்டருக்கும் இடையே மறையும் நாட்கள்தான் சென்னையைச் சுற்றி அதிகம். இந்த நீருக்குத் தங்க நிறம். மிச்சமிருக்கும் மஞ்சள் ஒளியைத் தங்கப் பூச்சு சூடாகத் திருப்பி அனுப்புகிறது. ரேடியம் பச்சையும் இங்கே நன்றாக வேலை செய்யும். பேச்சில் ரேடியம் என்கிறோமே தவிர அதில் ரேடியம் எதுவும் இல்லை. சுவரொட்டிகளுக்கு நாங்கள் போடும் ஒளிரும் மையைப் போன்றதுதான்: புற ஊதா ஒளியையும் நீலத்தையும் வாங்கிக்கொண்டு மஞ்சள்பச்சையாகத் திருப்பித் தருகிறது. அதனால்தான் மேகம் மூடிய காலையிலும் அது விளக்குப் போட்டதுபோல் தெரிகிறது. ஆனால் செம்மண் கலங்கலில் நீலமும் புற ஊதாவும் ஆழத்துக்கு இறங்குவதில்லை. அங்கே ரேடியம் நிறம் மேல் அரையடியில் மட்டுமே ரேடியம். அடியில் இழுக்கும் பொய்மீனுக்கு அந்தப் பூச்சுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

தெளிந்த நீரைச் சென்னைக்காரர்கள் அதிகம் பார்ப்பதில்லை. மாசி, பங்குனிக் காலையில் காற்றடங்கிய கடலோரமும், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளும்தான் எனக்குத் தெரிந்தவை. குவாரியின் கரை செங்குத்தாக இறங்கும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். உரிய இடத்தில் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பான மேட்டில் நின்று வீசுவதோடு சரி, விளிம்புக்குப் போவதே இல்லை. அந்த நீரில் ஒரு முறை ரேடியம் பச்சையை வீசிவிட்டு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரால் ஒன்று பின்தொடர்ந்து வந்தது. ஒரு முழத் தூரம் வரை வந்து, நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டது. மூன்று முறை அதே கதை. பிறகு கண்ணாடிபோல் பாதி ஒளி ஊடுருவும் புகைநிற ரப்பர் மீனைக் கட்டினேன், முதுகில் மட்டும் மங்கிய பச்சை. இரண்டாவது வீச்சில் எடுத்தது. தெளிந்த நீரில் மீனுக்கு ஆராய நேரம் இருக்கிறது. அங்கே பொய்மீன் சிறியதாக, அடக்கமாக, அந்த நீரில் உண்மையில் வாழும் ஜிலேபி மீன் குஞ்சின் நிறத்தில் இருக்க வேண்டும். வேகமும் கூட்ட வேண்டும். தூண்டில் நரம்பின் முனையில், நீருக்குள் எளிதில் கண்ணில் படாத மெல்லிய புளோரோகார்பன் நரம்பு இரண்டு முழம் கட்டுவதும் இங்கேதான் பயன் தருகிறது. கலங்கலில் அதற்கு வேலையில்லை.

இதுவரை சொன்னது ஏரிக்கும் குட்டைக்கும் போதும். முட்டுக்காட்டுக்குப் போதாது. எனக்குப் புரிய நான்கு ஆண்டுகள் பிடித்த விஷயம் இனிமேல்தான்.

கழிமுகத்தில் நீரின் தெளிவு மணிக்கு மணி மாறுகிறது. சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரை ஒட்டிய அளவுதான். கழிக்குள் அதிலும் குறைவு. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முகத்துவாரம் திறந்திருந்தால், ஏறும் நீர் கடலின் தெளிவை உள்ளே கொண்டுவருகிறது. வடியும் நீர் மேற்கிலிருந்து சேற்றையும் பாசியையும் இழுத்துவருகிறது. ஒரு தை மாதக் காலை: ஐந்தரை மணிக்குத் தட்டு 40 சென்டிமீட்டரில் மறைந்தது. ஏழரைக்கு 90. ஒன்பதே காலுக்கு ஒரு மீட்டர் பத்து. பதினொன்றரைக்கு மறுபடி 50. அன்று ஒரே கல்லில் நின்று தங்கம், பிறகு மங்கிய பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக மடவைக் குஞ்சு நிறம், மறுபடி தங்கம் என்று மாற்றினேன். மூன்றுக்கும் மீன் எடுத்தது. நிறத்தை மாற்றாமல் நின்ற பழைய நாட்களின் பக்கங்களைப் புரட்டினேன். 'ஏழு மணிக்குப் பின் கடி நின்றுவிட்டது' என்று பல இடங்களில் எழுதியிருந்தேன். கடி நிற்கவில்லை. நீர் மாறியிருந்தது.

உப்பு நீர் தெளிவாக இருப்பதற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. ஆற்று நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே திரிவதால் எளிதில் படிவதில்லை. உப்பு சேர்ந்ததும் அந்த விலக்கம் குறைந்து, துகள்கள் ஒட்டித் திரண்டு கனமாகிக் கீழே இறங்கிவிடுகின்றன. உப்பு நீர் கனமானதும்கூட. ஆகவே பெருமழைக்குப் பின் கலங்கிய நன்னீர் மேலே ஓட, தெளிந்த கடல் நீர் அதன் அடியில் புகுந்து வரும் நாட்கள் உண்டு. அப்போது தட்டு ஏமாற்றும். கால் மீட்டரில் மறைந்துவிட்டதே என்று மேலோட்டமாகக் கறுப்பை இழுத்துக்கொண்டிருந்தால், மீன் அடியில் தெளிந்த நீரில் நிம்மதியாக இருக்கும். ஈயத்தலை கோத்த ரப்பர் மீனை அடியில் படியவிட்டு, வெள்ளையிலும் கறுப்பிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் நுரையும் குப்பையும் ஒரு கோடாகச் சேர்ந்து நிற்கும். அந்த நுரைக்கோட்டைக் கண்டால் வேறெங்கும் வீச வேண்டாம். கலங்கல் பக்கம் கொடுவா மறைந்து நின்று, தெளிந்த பக்கம் வரும் மடவையை அடிக்கும்.

கொடுவாவைப் பற்றி ஒரு வார்த்தை. இதே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கள நிலையம் இருக்கிறது. 1997-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவை வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்தவர்கள் அவர்கள். இந்த மீன் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். பெரிய மீன்கள் அனேகமாக முட்டையிடும் தாய்கள் என்று பொருள். நான்கு கிலோவுக்கு மேல் எதுவானாலும் முள்ளைக் கழற்றி நீரிலேயே விட்டுவிடுகிறேன். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலையும் தொடுவதில்லை. அப்போது அது பசிக்காகக் கடிப்பதில்லை, பிள்ளைகளுக்காகக் கடிக்கிறது.

ஆங்கிலத்தில் கொடுவாவுக்கு ஆசியக் கடல் பாஸ் என்ற பெயரும் இருப்பதால், அமெரிக்கர்கள் பாஸ் மீனுக்கு எழுதிய நிற அட்டவணைகளை அப்படியே நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். அவர்கள் சொல்லும் லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், குடும்பமே வேறு. பதுங்கியிருந்து வாயைத் திறந்து உறிஞ்சி எடுக்கும் குணம் இரண்டுக்கும் பொது என்பதால் பாதிப் பாடம் நமக்கும் உதவும். அந்த மீனை வைத்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தால் இரை கிடைக்கும் என்று மீன்களைப் பழக்கிப் பார்த்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகப் பிரித்தறிந்தன. ரேடியம் மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன; நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொண்டன. கொடுவாவும் விராலும் அப்படியே பார்க்கும் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் நம் கண்ணுக்குப் பத்தாகத் தெரியும் நிறங்கள் மீனின் கண்ணுக்கு இரண்டாக இருக்கலாம் என்பது தெரிந்தபின், ஒரே பொய்மீனைப் பத்து நிறத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

விராலுக்கான ரப்பர் தவளையில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். கடையில் தவளையின் முதுகைப் பார்த்து வாங்குகிறோம்: புள்ளி, கோடு, இலைப்பச்சை. விரால் பார்ப்பது வயிற்றை. கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னலாகச் சுருங்கித் தெரியும். அந்த வெளிச்ச வட்டத்தில் மிதக்கும் எதுவும் நிழலுருவம்தான். காஞ்சிபுரம் பக்கம் குத்தகைக்காரரிடம் கேட்டுப் போகும் ஓர் ஊர் ஏரியில், முதுகு ஒரே நிறமாக உள்ள இரண்டு தவளைகளில் ஒன்றின் வயிற்றை மட்டும் கறுப்பாக்கி, ஒரு மாதம் மாற்றி மாற்றி வீசினேன். அல்லி இலைகளுக்கு நடுவே, விடியலிலும் அந்தியிலும் கறுப்பு வயிறு பதினொரு முறை அடிவாங்கியது. வெளிர் வயிறு நான்கு முறை. நண்பகலில் நீர் தெளிந்திருந்த நாட்களில் வெளிர் வயிறே முந்தியது. சின்னக் கணக்குதான். ஆனாலும் இப்போது தவளை வாங்கும்போது முதலில் கவிழ்த்துப் பார்க்கிறேன்.

இரவுக்கும் கறுப்புதான். முட்டுக்காட்டுப் பாலத்தின் விளக்கு நீரில் விழும் இடத்தில், வெளிச்சமும் நிழலும் பிரியும் கோட்டின் இருட்டுப் பக்கத்தில் கொடுவா நிற்கும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் கறுப்பை இழுக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். மீன் இருக்கும் ஆழத்துக்குப் பொய்மீன் போகவில்லையென்றால் எந்த நிறமும் உதவாது. ஆழம், பிறகு வேகம், பிறகுதான் நிறம். புதிதாகத் தொடங்கும் தம்பிகள் என்னிடம் கேட்டால் ஐந்தே ஐந்து வாங்கச் சொல்கிறேன்: கறுப்பு ஒன்று, தங்கம் ஒன்று, ரேடியம் பச்சை ஒன்று, மடவை நிறம் ஒன்று, வெள்ளை ஒன்று. ஐந்தும் ஒரே உருவம், ஒரே எடையாக இருக்கட்டும். அப்போதுதான் வித்தியாசம் நிறத்தால் வந்ததா என்று தெரியும். மீதிப் பணத்தில் நல்ல முட்கள் வாங்கலாம். மார்க்கர் பேனா மறக்க வேண்டாம்.

எந்த நிறத்தாலும் வெல்ல முடியாத நீரும் உண்டு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அலையாத்தி மரங்களின் வேர்வரை கருத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். தட்டை இறக்கினேன், கயிறு பிசுபிசுத்துக்கொண்டு வந்தது. அன்று தூண்டிலைப் பிரிக்கவே இல்லை. அந்தக் கயிற்றை இன்னும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

தட்டுக்குப் புதுக் கயிறு கட்டி முடிச்சுகள் போட்டாயிற்று. முட்டுக்காட்டு முகத்துவாரம் இந்த ஆண்டு இன்னும் மணல் மூடாமல் இருக்கிறது. அமாவாசைக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு நீர் ஏறத் தொடங்கும். தங்கத்தில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.